கேட்டுக்கொண்டிருந்த கார்

இந்த வெள்ளிக்கிழமையும் காலிதீன் கதைக்காமல் விட்டால் என்ன செய்வது என்று பஸ்னாவுக்குத் தெரியவில்லை.

பெருநாளுக்குப் பிறகு நிக்காஹ். ஒரு மாதம் முடிவதற்குள் அவன் கட்டாருக்குத் திரும்பிவிட்டான். பாலைவனத்துக்குள் எங்கோ குழாய் பதிக்கிற வேலை. அவனுடைய கைபேசிக்கு அங்கே சிக்னல் இல்லை. விடுமுறை நாளான வெள்ளிக்கிழமையில் மட்டும் வேலைத்தள அலுவலகத்துப் போனிலிருந்து அழைப்பு எடுப்பான். இங்கே அஸர் தொழுகை முடிந்து ஆட்கள் பள்ளியால் வருகிற நேரம் அது.

ஆரம்பத்தில் நன்றாகத்தான் கதைத்தான். கொஞ்ச நாளாகத்தான் இப்படி. போன் அடிக்கும். அதே இலக்கம். எடுத்தால் அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இருக்காது. "கேக்குதா? கேக்குதா?" என்று இவள் மெல்லக் கேட்பாள். மறுமொழி வராது. ஆனால் அவன் வைக்கவும் மாட்டான். வைக்க மனம் வராமல் இவளும் போனைக் காதோடு அணைத்துக்கொண்டு கட்டிலில் இருப்பாள். ஒரு கட்டத்தில் அழைப்பு அறுந்துபோகும்.

அந்த நேரத்தில் அவளுக்கு ஒரே ஓர் ஆறுதல்தான். திரையில் அவனுடைய இலக்கத்துக்குக் கீழே ஆங்கில எழுத்தில் இரண்டு சொற்கள் தெரியும். 'எங்கட கார்.'

அந்த டச் போனை வாங்கித் தந்தவன் அவன்தான். அதற்குள் என்னென்னவோ செய்துவைத்தவனும் அவன்தான். தன்னுடைய அழைப்பு வரும்போது தெரியட்டும் என்று இந்தச் சொற்களையும் அவனே போட்டுவிட்டுப் போயிருக்கிறான் என்று பஸ்னா நினைத்திருந்தாள். நினைக்கும்போதெல்லாம் வெட்கமாக இருக்கும். அதனால் யாரிடமும் கேட்கவில்லை.

இன்று காலை, நிந்தவூரிலிருந்து காலிதீனின் உம்மா போன் எடுத்தார்.

"பின்னேரம் வாறாவாம்" என்றாள் பஸ்னாவின் உம்மா அஸீஸா, ரிசீவரை வைத்துவிட்டு. "கொஞ்சம் கதைக்கணுமாம்."

"என்ன கதைக்கவாம்?"

"கொஞ்சம் எண்டா. நிறைய எண்டு சொல்லிரிந்தா எனக்குப் பயமில்ல. சுல்பிகா மச்சி கொஞ்சம் எண்டு சொன்னா ஊரே திரும்பிரும்."

பஸ்னாவின் முகத்தைப் பார்த்ததும் உம்மாவின் சிரிப்பு நின்றுபோனது.

"என்னகா? என்ன நடந்த?"

அப்போதுதான் பஸ்னா சொன்னாள். சொல்லி முடிக்கும்போது அடுப்பில் பால் பொங்கி வழிந்துவிட்டது. உம்மா அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"போன்ல கோளாறா இரிக்கும்" என்றாள். "எழும்பு. ஜும்ஆத் தொழுகைக்கு முதல் கல்முனைக்குப் போயிட்டு வருவம்."

சந்தைக்கு எதிரில் ஹமீட்டின் போன் கடை. அவன் போனைத் திறந்து சிம்மைக் கழற்றினான், துணியால் துடைத்தான், திரும்பப் போட்டான். தன்னுடைய போனால் அவளுக்கு எடுத்துவிட்டு, கடைக்கு வெளியே போய் நின்றான்.

"ஹலோ, அங்கால ஆர் மகாராணியா?"

"கேக்குது" என்றாள் பஸ்னா.

"எனக்கும் கேக்குது. கண்ணாடி மாதிரிக் கேக்குது." உள்ளே வந்தான். "போன்ல ஒரு குறையும் இல்ல தங்கச்சி. எடுக்கிற ஆள்லதான் என்னமோ இரிக்கி."

பகிடியாகத்தான் சொன்னான். உம்மாகூடச் சிரித்தாள். பஸ்னா ஒலுவில் பல்கலைக்கழகத்தில் பௌதிகம் படித்தவள். கருவியில் பிழையில்லை என்று நிறுவியாகிவிட்டால் பிழை எங்கே இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். சாய்ந்தமருதுக்குத் திரும்பும் வழி முழுவதும் அவள் பஸ் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

நிக்காஹ் முடிந்த மறுவாரம் காலிதீன் அவளைப் பொத்துவில் வரைக்கும் கூட்டிக்கொண்டு போனான். யுத்தம் முடிந்து பாதையில் தடைகள் எடுபட்டிருந்த காலம். யாரும் இறக்கிச் சோதிக்காமல் அவ்வளவு தூரம் அவள் போனது அதுதான் முதல் தடவை. திரும்பி வரும்போது அவன் கேட்டான். "விசா எடுத்தா என்னோட வருவயா?"

"ஓம்" என்றாள். காருக்குள்ளேயே சரியாகக் கேட்காத அளவுக்கு மெல்ல.

அந்த 'ஓம்' இன்னும் வாப்பாவுக்குத் தெரியாது. இந்தப் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வருவான். பெண் வீட்டைவிட்டுப் போவதில்லை. அதுவும் இந்த வீட்டில், இருக்கிற ஒரே பிள்ளை. மூத்தவன் ஸிராஜ் காக்காவைக் கடல் கொண்டுபோன பிறகு மிச்சம் இருக்கிற பிள்ளை.

காலிதீன் மனம் மாறிவிட்டானோ? அவளிடம் சொல்லத் தைரியம் இல்லாமல்தான் சும்மா இருக்கிறானோ?

அஸர் பாங்கு சொல்லி ஓய்ந்தது. வாப்பா ஸைனுலாப்தீன் பள்ளிக்குப் போனார். உம்மா வட்டிலப்பத்தை மூடிவைத்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். வாசலில் ஆட்டோ வந்து நின்றது.

சுல்பிகா மாமி இறங்கும்போதே மூச்சு வாங்கியது. கறுப்பு அபாயாவின் ஓரத்தில் காரைதீவுப் பாதையின் புழுதி ஒட்டியிருந்தது. ஸலாம் சொன்னார். இருந்தார். தண்ணீர் குடித்தார். வட்டிலப்பத்தைத் தொடவில்லை.

அந்த நேரத்தில் வாப்பா திரும்பி வந்தார். மாமிக்கு ஸலாம் சொல்லி, சுகம் விசாரித்தார்.

"நீங்க கதைச்சிட்டு இரிங்க. நான் மருமகன்ட காரக் கொஞ்சம் ஸ்டார்ட் பண்ணிட்டு வாறன்."

"காக்கா, அது பிறகு செய்யலாமே" என்றார் மாமி.

"வெள்ளிக்கிழமை பண்ணல்லண்டா பேட்டரி எறங்கிரும். ஒருக்கா எறங்கினதுதானே. அமானிதம். அவர் வந்து கேக்கக்குள்ள நல்லபடியா ஒப்படைக்கணும்."

மருமகனை அவர் 'அவர்' என்றுதான் சொல்வார். நேரில் 'நீங்க' என்பார். காலிதீன் வீட்டுக்குள் வந்தால் கதிரையிலிருந்து பாதி எழும்புவார். அவன் விட்டுப்போன ஜப்பான் காருக்கும் அதே மரியாதைதான். அது பஸ்னாவின் அறை ஜன்னலுக்கு வெளியே தகரக் கொட்டிலில் நிற்கும். அவர் அதை ஓட்டியதே இல்லை. கிழமைக்கு ஒருமுறை இயக்கிவைத்து உள்ளே இருப்பார். அவ்வளவுதான்.

முதல் தடவை இயக்கியபோது காருக்குள்ளிருந்து ஒரு பெண் கதைத்தாள். ஜப்பான் மொழி. அங்குள்ள சுங்கப் பாதைக்கு ஏதோ அட்டை போடவில்லை என்று நினைவூட்டுகிறாளாம். காலிதீன் முன்பே சொல்லியிருந்தான். உம்மாவுக்கு அது போதுமானதாக இருந்தது. "மருமகன் ஒரு ஜப்பான்காரிய எங்கட தலையில கட்டிட்டுப் போயிட்டார். பள்ளியால வந்ததும் வராததுமா உங்களுக்கு அவளோட கதை!" என்று அன்று முழுவதும் வாப்பாவைக் கேலி செய்தாள். அடுத்த தடவை வாப்பா சத்தக் குமிழை இடப்பக்கம் முழுதாகத் திருகிவிட்டார். பிறகு ஜப்பான்காரி வாய் திறக்கவில்லை.

வெளியே கார் மெல்ல உறுமியது. மாமி பஸ்னாவைத் தன் பக்கத்தில் இருக்கச் சொன்னார்.

"புள்ள, நேராவே கேக்கன். என்ட மகன்ல உனக்கு விருப்பமில்லையா?"

"ஏன் மாமி அப்படிக் கேக்கிறீங்க?"

"அவன் எடுக்கிறான். நீ கதைக்கிறயில்லயாம்."

"அவர்தான் மாமி கதைக்கிறல்ல!"

"அவனா? சின்னதில இரிந்து வாய் மூடாத புள்ளகா அவன்." மாமி குரலைத் தாழ்த்தினார். "அவன் என்னட்டச் சொல்றான், நீ போன எடுத்து உன்ட வாப்பாக்குப் பக்கத்துல வெச்சிட்டுப் போறயாம். வாப்பாதான் கதைக்கிறாராம். அதுவும் இவனோட இல்லயாம்."

உம்மா கதவுநிலையைப் பிடித்துக்கொண்டாள். "என்ன மச்சி சொல்றீங்க? இவர் போனத் தொடுறதே இல்லயே."

"அதான் எனக்கும் விளங்கல்ல. என்னடா கதைக்கிறார் எண்டு கேட்டா, சொல்றானில்ல. அழுறான்."

பஸ்னாவின் கையில் போன் அடித்தது.

அதே இலக்கம். மூன்று பெண்களும் அதைப் பார்த்தார்கள்.

"எடு" என்றார் மாமி.

எடுத்தாள். "கேக்குதா?" என்றாள். மறுமொழி இல்லை. போனை மாமியின் காதில் வைத்தாள்.

"மனே! காலிதீன்! உம்மா கதைக்கன்டா!" மாமி காதை மாற்றி வைத்துப் பார்த்தார். "ஒரு மூச்சுச் சத்தம்கூட இல்லயே, புள்ள. கிணத்துக்குள்ள கதைச்சாலும் இதவிடக் கேக்குமே."

பஸ்னா போனைத் திரும்ப வாங்கினாள். பெற்ற தாய்க்குமா மறுமொழி சொல்லமாட்டான்? அப்படியென்றால் அவன் மௌனமாக இல்லை. அவனுடைய குரல் வேறு எங்கோ போகிறது.

கல்முனையில் போன் நன்றாக இருந்தது. வீட்டில்தான் பழுது. வீட்டிலும் மற்ற நாட்களில் நன்றாக இருந்தது. வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகுதான் பழுது. வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு இந்த வீட்டில் புதிதாக என்ன இருக்கிறது?

திரையைப் பார்த்தாள். 'எங்கட கார்.' அந்தச் சொற்களுக்கு முன்னால் சிறிய நீல நிற அடையாளம் ஒன்று. எத்தனை தடவை அதைப் பார்த்திருக்கிறாள். புளூடூத் அடையாளம்.

அவளுக்கு முகம் எரிந்தது. அது காதல் வார்த்தை இல்லை. பொத்துவிலுக்குப் போன அன்று காலிதீன் அவளுடைய போனைக் காரோடு இணைத்தான். நான்கு பூச்சியம் அழுத்தச் சொன்னான். காருக்கு என்ன பேர் வைப்பம் என்று கேட்டு, அவனே ஏதோ எழுதினான். இனிமேல் காருக்குக் கிட்ட வந்தால் போன் தானாக ஒட்டிக்கொள்ளும் என்றான். அவள் கேட்டுக்கொண்டு இருக்கவில்லை. அவனுடைய விரல்களைப் பார்த்துக்கொண்டு இருந்தாள்.

போன் சொல்கிற முகவரி அது. குரல் போகிற இடம்.

தன் அறைக்குள் போய் ஜன்னல் சீலையை விலக்கினாள். கார் இயங்கிக்கொண்டிருந்தது. கண்ணாடிகள் மூடியிருந்தன. வாப்பா சாரதி ஆசனத்தில் இல்லை. இடப்பக்கத்து ஆசனத்தில் இருந்தார். கைகள் இரண்டும் முழங்காலில். முகம் வெறுமையாக இருந்த சாரதி ஆசனத்தின் பக்கம் திரும்பியிருந்தது. உதடுகள் அசைந்தன.

ஸிராஜ் காக்கா மீன் லொறி ஓட்டிய காலத்தில் வாப்பா அப்படித்தான் இருப்பார். கடற்கரையில் மீன் ஏற்றிக்கொண்டு, ஐஸ் போட்டுக்கொண்டு, வாப்பாவும் மகனுமாகக் கண்டி வரைக்கும் போவார்கள். இடப்பக்கம் வாப்பாவின் இடம். வலப்பக்கம் காக்காவின் இடம். அன்று காலையும் காக்கா மீன் பார்க்கத்தான் கரைக்குப் போனான். சுனாமிக்குப் பிறகு அந்தப் பெயரை வாப்பா வீட்டுக்குள் ஒருநாளும் உச்சரித்ததில்லை.

வீட்டுக்குள் உச்சரித்ததில்லை.

பஸ்னா போனோடு முற்றத்துக்கு இறங்கினாள். செருப்புப் போடவில்லை. உம்மாவும் மாமியும் பின்னால் வந்தார்கள். சாரதிப் பக்கத்துக் கதவைத் திறந்தாள்.

"...போகணும் எண்டு அவளுக்கு ஆசை. வாய்விட்டுச் சொல்ல மாட்டாள். முகத்தப் பார்த்தா எனக்குத் தெரியாதா? நான் போ எண்டு சொல்லட்டா ஸிராஜ்? சொல்லிட்டு நான் என்ன செய்ற—"

வாப்பா நிறுத்தினார். களவாக எதையோ தின்று பிடிபட்ட பிள்ளையைப் போல அவளைப் பார்த்தார். பஸ்னா உள்ளே ஏறி அமர்ந்தாள்.

"மகள், அதுல..." என்று கையை நீட்டினார். அதில் இருக்காதே என்று சொல்ல வந்தது பாதியில் நின்றுவிட்டது.

காரின் சிறு திரையில் பச்சையாக ஓர் எழுத்துவரி ஒளிர்ந்துகொண்டிருந்தது. "பேட்டரி ஏறுது" என்றார் வாப்பா, பேச்சை மாற்ற. "கதைச்சிட்டு இரிக்கக்குள்ள எப்பயும் இது வரும்."

அழைப்பு இணைந்திருக்கிறது என்று காட்டும் வரி அது. அந்தக் காரில் பாட்டுக்கும் பேச்சுக்கும் ஒரே குமிழ். பஸ்னா அதை வலப்பக்கம் திருகினாள்.

முதலில் எங்கோ ஒரு குளிரூட்டியின் இரைச்சல். பிறகு நான்கு கதவுகளிலிருந்தும் ஒரே நேரத்தில் ஓர் இளைஞனின் குரல்.

"ஓம். கேக்குது. சொல்லுங்க."

வாப்பாவின் உடம்பு முழுவதும் ஒருமுறை தூக்கிப்போட்டது. சாரதிப் பக்கத்துக் கதவைப் பார்த்தார். காரின் கூரையைப் பார்த்தார்.

"ஸிராஜ்?"

"மாமா... நான் காலிதீன்."

வாப்பா கண்ணை மூடிக்கொண்டார். பஸ்னா அவருடைய முழங்காலில் இருந்த கையைப் பிடித்தாள்.

"மாமா, கோவிக்காதீங்க. ஒட்டுக்கேக்கணும் எண்டு கேக்கல்ல. நான் பஸ்னாக்குத்தான் எடுக்கன். உங்கட சத்தம்தான் வருது. அவளுக்கு என்னோட வர விருப்பமில்லயாக்கும், அத வாயால சொல்ல ஏலாம உங்கட கதைய என்னக் கேக்க வெக்காளாக்கும் எண்டு நெனச்சன்."

"நான் வெக்கல்ல" என்றாள் பஸ்னா. குரல் வெளியே வந்ததா என்று அவளுக்கே தெரியவில்லை.

"எல்லாத்தயும் கேட்டீங்களா மருமகன்?" என்றார் வாப்பா.

"ஓம் மாமா. நீங்க கேட்ட எல்லாத்துக்கும் மறுமொழியும் சொன்னன். நீங்க அத எடுக்காம அடுத்த கேள்விக்குப் போயிருவீங்க."

வாப்பாவின் தொண்டையிலிருந்து சிரிப்பா அழுகையா என்று சொல்ல முடியாத ஒரு சத்தம் வந்தது.

"சத்தத்தக் கொறச்சு வெச்சிரிந்தன் மனே" என்றார். "உன்ட மாமி ஜப்பான்காரியோட கொழுவினா. அதுக்காகக் கொறச்ச."

மனே. உன்ட. பஸ்னா அவரைத் திரும்பிப் பார்த்தாள். தான் 'நீங்க'வை விட்டுவிட்டது அவருக்குத் தெரியவில்லை. கட்டாரில் இருந்தவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். குளிரூட்டியின் இரைச்சல் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது.

"டேய், நான் இஞ்சதான் நிக்கன்!" என்று மாமி கண்ணாடியில் தட்டினார். "பெத்த தாய்க்கு மறுமொழி சொல்லாம மாமனோட கொஞ்சுற என்ன?"

"நீங்க சும்மா இரிங்க மச்சி" என்று உம்மா அவருடைய அபாயாவைப் பிடித்து இழுத்தாள். அவளுடைய கண்கள் நிறைந்திருந்தன. எத்தனை வெள்ளிக்கிழமை இந்த மனிதர் தனியாக இங்கே வந்து மகனோடு கதைத்திருக்கிறார் என்று அவளும் இப்போதுதான் அறிகிறாள்.

"மாமா" என்றது குரல். "நாளைக்குக் காலம இஞ்ச கம்பனிக் கந்தோர் திறப்பாங்க. பஸ்னாட விசாவ நிப்பாட்டச் சொல்லப்போறன். மறுகா நானும் வேலய விட்டுட்டு வந்திர்ரன். ஊர்ல ஒரு வேல தேடலாம். உங்களத் தனிய விட்டு நாங்க என்னத்தக் காணப்போறம்?"

"பைத்தியமா உனக்கு?" என்றார் வாப்பா.

"நான் முடிவெடுத்தது பஸ்னாக்கும் விருப்பமில்ல எண்டு நெனச்சி. இண்டைக்கித்தான் அவளுக்கு ஆசை எண்டு நீங்க சொல்லக் கேட்டன். அப்ப அவள்தான் சொல்லணும்." குரல் தயங்கியது. "பஸ்னா, நீ அங்க இரிக்கயா? நான் வரட்டா, நீ வாறயா?"

போனின் திரையில் ஒரு சிறு பொத்தான் தெரிந்தது. அதைத் தொட்டால் குரல் காரிலிருந்து கழன்று போனுக்கு வந்துவிடும். பிறகு அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளலாம். வழமைபோல ஒருவருக்கும் கேட்காமல் ஒரு சொல் சொல்லலாம். விரல் அதற்கு மேலே போய் நின்றது.

வாப்பா கதவுப் பிடியில் கை வைத்தார். "நீங்க கதைங்க மகள். நான் எறங்குறன்."

பஸ்னா போனைக் குப்புறக் கவிழ்த்து முன்தட்டில் வைத்தாள்.

"இரிங்க வாப்பா."

அவர் இருந்தார். பழைய நாட்களில் லொறியில் இருந்ததுபோல, கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டு, முன்னே பார்த்தபடி.

ஒலிவாங்கி எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. சுக்கான் வளையத்துக்குக் கிட்டக் குனிந்தாள்.

"கேக்குதா?"

"கேக்குது" என்றது கார் முழுவதும்.

"நான் சொல்றது வாப்பாக்கும் கேக்கும். உங்கட உம்மாக்கும் கேக்கும்."

"கேக்கட்டும்."

பஸ்னா மூச்சை இழுத்துக்கொண்டாள்.

வாப்பா கையை நீட்டி, குமிழை இன்னும் கொஞ்சம் வலப்பக்கம் திருகினார்.